முதலில் பிரேக், பெயிண்ட் பிறகு!



நம் பணிமனைக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் ஒரு எஞ்சின் நிற்கிறதே, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிலிண்டருக்குச் சிவப்பு, தண்ணீர் ஓடும் வழிக்குப் பச்சை, ஆயில் போகும் வழிக்கு மஞ்சள் என்று வர்ணம் தீட்டிப் பாதியாக வெட்டி வைத்த எஞ்சின். கைப்பிடியைச் சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்கும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஓடாது. ஓடாததால் சூடாகாது, புகை விடாது, ஒழுகாது, அடம் பிடிக்காது. அதைப் பார்த்துப் படம் வரைந்து மார்க் வாங்கி விடலாம். நாளைக்கு ஒருவர் வந்து, "தம்பி, பல வருஷமா நின்ன வண்டி, ஓட வச்சுக் குடு" என்று சாவியை நீட்டினால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அந்த எஞ்சின் நமக்குச் சொல்லித் தராது.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். நம் கல்லூரிக்கு ஒரு பழைய, ஓடாத கார் வேண்டும். அதை மாணவர்களாகிய நாமே ஓட வைக்க வேண்டும். "பழைய கார் எல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு, நமக்கு எதுக்குப்பா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன், ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

எங்கள் கூமாப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர், 1970-ஆம் வருஷத்து நாலு கதவு ஹெரால்டு ஒன்றை மதுரைப் பக்கமிருந்து வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டு வந்தார். (கூமாப்பட்டி என்றதும் சிரிக்காதீர்கள். 2025-ல் ரீல்ஸைப் பார்த்து விட்டு வெளியூர்க்காரர்கள் கிளம்பி வந்தார்களே, அதே ஊர்தான்.) அவருடைய தகப்பனார் காலத்தில் வீட்டில் இதே வண்டி நின்றதாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஞாயிறுதோறும் கைவேலைக்குப் போகும் ஒர்க்‌ஷாப்பில் வந்து இறங்கியது.

இந்தக் காரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் இந்தியாவில் கார் என்றால் மூன்றுதான். கல்கத்தாப் பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாய் குர்லாவில் ஃபியட், நம் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஹெரால்டு. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இங்கே செய்தது. 948 சி.சி. எஞ்சின். சேஸிஸ் தனி, பாடி தனி. முன்பக்கம் பானெட், மட்கார்டு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து கொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். 25 அடி இடம் இருந்தால் வட்டமடித்துத் திரும்பி விடும். இதில் நாம் பெருமைப்பட ஒரு விஷயம் உண்டு. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். பெரிய குடும்பத்தை ஏற்றுகிற நம் நாட்டுக்காக நாலு கதவு வைத்தது நம்ம வண்டலூர்! அந்த ஹெரால்டிலிருந்து வந்ததுதான் 1971-ன் கெஸல். பிறகு 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார் விட்டார்கள். பார்வைக்கு ரோவர், உள்ளே பழங்காலத்து எஞ்சின்; எடுபடவில்லை. அத்தோடு கம்பெனியும் படுத்து விட்டது.

இனி விஷயத்துக்கு வருவோம். வண்டியை இறக்கியதும் பெரியவர் சொன்ன முதல் வார்த்தை, "மேஸ்திரி, முதல்ல பெயிண்ட்ட அடிச்சிருவோம். மக கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான்."

மேஸ்திரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அய்யா, நிக்கிற வண்டியால ஒரு ஆபத்தும் கிடையாது. ஓடுற வண்டி நிக்கலேன்னாத்தான் ஆபத்து. பெயிண்ட் கடைசில. முதல்ல பிரேக்கு."

பெரியவருக்கு முகம் சுருங்கி விட்டது. நியாயம்தானே? காசு கொடுத்து வாங்கியவருக்குக் கண்ணுக்குத் தெரிவதில்தான் ஆசை. ஆனால் மேஸ்திரி பக்கமே நான் நிற்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். தேரின் அலங்காரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கொள்வார்கள். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி, கட்டையைக் கையில் வைத்துக் கொண்டு நடக்கிறார்களே சில பேர், அவர்களை யார் பார்க்கிறார்கள்? தேரை நிறுத்துவதும், மூலையில் திருப்புவதும் தேர்க்காலுக்கு அவர்கள் போடும் கட்டைதான்.

நாலு சக்கரத்தையும் கழற்றினோம். டிரம்முக்குள் இருந்த வீல் சிலிண்டரில் பிஸ்டன் துருவேறி இறுகிப் போயிருந்தது. மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. பாடத்தில் படித்திருக்கிறோம்: பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட்-3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்தால் 140 டிகிரிக்கு இறங்கி விடும். இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் உள்ளே ஆவி உண்டாகி மிதி தரையைத் தொடும். இதை நான் தேர்வில் இரண்டு மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். அதன் நிறத்தையும் நாற்றத்தையும் தெரிந்து கொண்டது அன்றைக்குத்தான்.

அதைவிடப் பெரிய பாடம் ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கிறது. மேஸ்திரி அதை வெட்டிக் காட்டினார். உள்ளே ரப்பர் வீங்கி, ஓட்டை ஊசி நுழைகிற அளவுக்கு அடைத்திருந்தது. மிதித்தால் ஆயில் போகும், திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே நிற்கும். அந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினேன். அப்பா தென்னை மரம் ஏறுகிறவர். விரலால் நசுக்கிப் பார்த்து விட்டு, "கயிறும் இப்பிடித்தான், வெளிய தெரியாது. உள்ளுக்குள்ள இத்துப் போயிருக்கும்" என்றார். நம் பாடப் புத்தகத்தில் அரைப்பக்கம் போகும் விளக்கம் அது!

இடையில் ஒரு எச்சரிக்கை. பழைய பிரேக் லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்துத் தூசியை ஊதுவது நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் வழக்கம். தயவு செய்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள். நுரையீரலுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது.

எஞ்சின் விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே அவசரம்: புது பேட்டரி மாட்டு, சாவியைத் திருப்பு, என்ன ஆகிறதென்று பார்ப்போம்! வருஷக்கணக்கில் நின்ற எஞ்சினில் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட்டர் முரட்டுத்தனமாகச் சுழற்றினால் ரிங் ஒடியும், சுவர் கீறும். மேஸ்திரி நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு அப்படியே ஊற வைத்தார். மூன்று நாள். பிறகு கிராங்க் நட்டில் ஸ்பேனரைப் போட்டுக் கையால் மெதுவாக, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். முழுச் சுற்று வந்த போது ஒரு சத்தமும் இல்லை. அவர் பீடியைப் பற்ற வைத்தார், அவ்வளவுதான். ரேடியேட்டர், டைனமோ, ஒயரிங் எல்லாம் வரிசையாகப் பார்த்தோம். அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். டயரைப் பற்றி மட்டும் ஒன்று: பட்டை நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 1409 என்றால் 2009-ன் பதினாலாவது வாரத்தில் பிறந்த டயர். அதைப் போட்டுக் கொண்டு நாலு வழிச் சாலையில் போகிறவரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறாவதோடு நின்றவர். பன்னிரண்டு வயதில் மண்ணெண்ணெயில் பாகம் கழுவ வந்தவர். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை டாப்பெட் கவர் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டே எந்த வால்வு இடைவெளி கூடியிருக்கிறது என்று சொல்லி விடுவார். ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். அவருடைய மகன்கள் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை. பையன்கள் வேலை கற்றுக் கொள்ள வந்தாலும் ஆறு மாதத்தில் பைக் ஷோரூமுக்குப் போய் விடுகிறார்கள். அந்தக் காதில் இருப்பதை எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

அப்படியானால் டிப்ளமோ படிக்கும் நமக்கு என்ன வேலை? கேளுங்கள். முன் சக்கரத்துக்குக் கிரீஸ் அடிக்கும் நேரம் வந்தது. நான் போனில் ஹெரால்டின் பழைய மேனுவலைத் திறந்து வைத்திருந்தேன். முழுக்க ஆங்கிலம், டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக் கொண்டுதான் வாசிப்பேன். அதில் முன் சக்கரம் திரும்புகிற கீழ் முனையில் ட்ரன்னியன் என்று ஒரு பாகம். பித்தளை மாதிரியான ஒரு கட்டைக்குள் இரும்புத் தண்டு மரை வழியாகத் திரும்பும். இதற்குக் கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும் என்று போட்டிருந்தது.

"அண்ணே, இதுக்குக் கிரீஸ் அடிக்கக் கூடாதாம்" என்றேன்.

"எத்தன ஹெரால்டு பாத்திருக்கேன். எல்லாரும் கிரீஸ்தான் அடிப்பாங்க."

இருந்தாலும் கழற்றினார். உள்ளே பழைய கிரீஸ் மெழுகு மாதிரி காய்ந்து கிடந்தது. அதற்குப் பின்னால் மரை பாதி அரித்துத் துருவாக உதிர்ந்தது. காய்ந்த கிரீஸ் மரையின் ஆழத்துக்குப் போகாது, தண்ணீர் போய் விடும். இந்தத் தண்டு முறிந்தால் சக்கரம் அப்படியே மடங்கி விழும். பிரேக்கைப் புதுசாக்கி, எஞ்சினைச் சரி செய்து, பெயிண்ட் அடித்து, மாப்பிள்ளையை ஏற்றிக் கொண்டு போகிற வழியில் அது நடந்திருக்கும்.

மேஸ்திரி கொஞ்ச நேரம் அந்தத் தண்டையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, அத இன்னொரு வாட்டி வாசி" என்றார். வாசித்தேன். தமிழில் சொன்னேன். அடுத்த ஞாயிறு முதல் டீ குடிக்கும் நேரத்தில் மேனுவலை முதல் பக்கத்திலிருந்து வாசித்துச் சொல்ல ஆரம்பித்தேன். என் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாவது தாண்டியதில்லை. நான் படித்த படிப்பு இன்னொருவருக்குப் பயன்பட்டதை நான் கண்ணால் பார்த்தது அந்த டீ நேரத்தில்தான். அதற்கு முன் மார்க் ஷீட்டில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

ஹெரால்டின் உறவுக்கார வண்டிகள் இங்கிலாந்தில் இன்னும் நிறைய ஓடுவதால் ட்ரன்னியன் அங்கே புதிதாகவே கிடைக்கிறது, பார்சலில் வந்தது. ஆனால் பின் கதவுக்கு ஒரு பிடி வேண்டுமென்றால் இங்கிலாந்தில் கிடைக்காது. அவர்கள்தான் பின் கதவே வைக்கவில்லையே! அதைச் சென்னை புதுப்பேட்டையில் தேட வேண்டும். இல்லாவிட்டால் ராஜபாளையத்தில் ஒரு லேத்துக்காரரைப் பிடிக்க வேண்டும். நாங்கள் லேத்துக்காரரைப் பிடித்தோம்.

பெட்ரோல் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1970-ல் இந்த எஞ்சின் குடித்தது ஈயம் கலந்த பெட்ரோல். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியோடு நாடு முழுவதும் அது நின்று விட்டது. அந்த ஈயம்தான் வால்வு சீட் தேயாமல் பாதுகாத்தது. இன்று பங்க்கில் பிடிப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ-20. எத்தனால் பழைய ரப்பரை வீங்க வைக்கும், தண்ணீரை இழுக்கும், டேங்க்கில் ஒட்டியிருக்கும் பழைய பிசினைக் கரைத்துக் கார்புரேட்டர் ஜெட்டில் கொண்டு போய் அடைக்கும். ஆகவே டேங்க்கை இறக்கிக் கழுவி, பம்ப்பின் டயாபிரம், ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்குகிற ரப்பரில் மாற்றினோம். ஹெட்டைக் கழற்றிய போதே வால்வு சீட்டும் கெட்டியான ரகத்துக்கு மாறியது. எத்தனாலால் கலவை மெலிவதால் ஜெட்டையும் கொஞ்சம் பெரிசாக்க வேண்டியிருந்தது. நாம் வேதியியல் வகுப்பில் தூங்கிய பாடமெல்லாம் இங்கே வந்து நின்றது!

வீட்டில் இதற்கெல்லாம் பாராட்டு என்று நினைக்காதீர்கள். சட்டையைத் துவைக்கும் அம்மாவுக்குத்தான் வருத்தம். "ஏப்பா, கையில அழுக்குப் படாம பொழைக்கணும்னுதான ஒன்னப் படிக்க வச்சோம். நீ என்னன்னா காசு குடுத்துப் படிச்சிட்டுக் கரியப் பூசிக்கிட்டு வர்ற." முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மில் எத்தனை பேர் வீட்டில் இந்த வார்த்தை கேட்கிறது! அம்மாவின் வார்த்தையை நான் லேசாக எடுத்துக் கொள்ளவில்லை. அப்பாவின் நெஞ்சில் மரம் உரசி உரசிக் காய்த்துப் போன தழும்பை தினமும் பார்க்கிறவர் அவர். ஆனால் நண்பர்களே, கையைச் சுத்தமாக வைத்துக் கொள்ளும் டிப்ளமோவுக்கு இன்று வெளியே என்ன மரியாதை இருக்கிறது? ஓரகடத்துக்கும் ஓசூருக்கும் போன நம் சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள். நாள் முழுக்க ஒரே போல்ட்டை ஒரே டார்க்கில் முடுக்குகிற வேலை. ஏன் முடுக்குகிறோம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்கத் தெரிந்தவன்தான் அடுத்த படிக்குப் போவான்.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவை எல்லோரும் "விஞ்ஞானி" என்று மேடையில் புகழ்கிறோம். 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர், பள்ளிக்கூடப் படிப்பு சொற்பம். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதையே வாங்கினார். வாங்கி, பகட்டாக ஊர் சுற்றினாரா? அக்கக்காகக் கழற்றிப் போட்டு, மறுபடி பூட்டினார்! அதன் பிறகுதான் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ், அதன் பிறகுதான் கம்பெனிகள். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தோன்றவும் அவரே காரணம். நம்மைப் போன்ற பாலிடெக்னிக் மாணவர்களுக்கு வழி திறந்தவர் ஒரு பழைய வண்டியைக் கழற்றிப் பூட்டியவர் என்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அவர் குடும்பத்தார் அவினாசி ரோட்டில் 2015-ல் கார் மியூசியம் ஒன்றைத் திறந்தார்கள். கோவை டூர் போட்டால் மருதமலையோடு அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

"இனிமே எல்லாம் எலெக்ட்ரிக் வண்டி, கார்புரேட்டரைக் கட்டிக்கிட்டு அழுறதா?" என்று என் பெஞ்ச் நண்பனே கேட்டான். நியாயமான கேள்வி. கார்புரேட்டருக்கு எதிர்காலம் உண்டென்று நான் சொல்ல வரவில்லை. எலெக்ட்ரிக் வண்டிக்கும் பிரேக் ஆயில் உண்டு, பேரிங் உண்டு, எர்த் சரியில்லாத ஒயர் உண்டு. பி.எஸ்.-6 வண்டியில் ஸ்கேனரைச் செருகினால் ஒரு கோடு நம்பர் வரும். அது எந்த சென்சார் புகார் செய்கிறது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. அந்த "ஏன்" வருகிற இடத்தில்தான் நம் பையன்கள் சென்சாரையே மாற்றி, வாடிக்கையாளரின் காசைக் கரைக்கிறார்கள். ஹெரால்டில் கோடு நம்பர் கிடையாது. தீப்பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, கம்ப்ரெஷன் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு நெருங்க வேண்டும். அந்தப் பழக்கம் எந்த வண்டிக்கும் செல்லும்.

சட்டம் தெரியாமல் ஆசைப்படுபவர்களுக்காக ஒன்று. முதல் பதிவாகி ஐம்பது ஆண்டு தாண்டிய கார், பைக்குகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்து வரும். சேஸிஸ், பாடி, எஞ்சினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. டீசல் எஞ்சின் மாட்டிய அண்ணாச்சிமார் விண்ணப்பிக்க வேண்டாம். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினசரி மார்க்கெட்டுக்குப் போக முடியாது.

பெரியவர் மகள் கல்யாணத்துக்கு ஹெரால்டு வரவில்லை. வாடகைக்கு வேறு கார் பிடித்தார்கள். மேஸ்திரியோடு அவர் ஒரு மாதம் பேசவில்லை. ஏழாவது மாதம் வண்டி ஓடியது. வெளுத்த பச்சை நிறம், அங்கங்கே பட்டி பூசிய தேமல். பெரியவரே ஓட்டிக் கொண்டு பிளவக்கல் அணை வரை போய் விட்டு வந்தார். இறங்கி வந்து மேஸ்திரியிடம், "பிரேக்கு நல்லாப் புடிக்குது" என்றார். பெயிண்ட் பற்றி அன்றைக்குக் கேட்கவில்லை. பிறகு கேட்டார், அது வேறு விஷயம்.

ஆகவே நம் மாணவர் சங்கத்துக்கு என் கோரிக்கை இது. இந்த ஆண்டு விழாச் செலவில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். ஹெரால்டு கிடைக்காது, வேண்டியதும் இல்லை. அம்பாசடர் 2014 வரை வந்த வண்டி. பத்மினியும் தோட்டங்களில் ஷீட் போட்டு மூடிக் கிடக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் "எடுத்துட்டுப் போங்கப்பா" என்று சொல்ல ஒருவராவது இருப்பார். வாரம் ஒரு நாள் மாலை, ஒரு மேஸ்திரியை மரியாதையாக அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, வகுப்பு எடுக்கச் சொல்ல வேண்டும். அவருக்கு உரிய சம்பளமும் தர வேண்டும். மேனுவல் வாசிக்க நாம் இருக்கிறோம். மெக்கானிக்கல்காரர்கள் புஷ் கடையட்டும், எலெக்ட்ரிகல்காரர்கள் ஒயரிங்கைப் பார்க்கட்டும். பணிமனைக்குப் பின்னால் வேப்பமரத்தடி ஷெட் காலியாகத்தான் இருக்கிறது. வருகிற காருக்குச் சாவி இல்லாவிட்டாலும் கவலைப்படாதீர்கள். முதல் மூன்று மாதம் சாவிக்கு வேலையே வராது.